இரவல் பெயரில் ஒரு வீராங்கனை

சினிமாவில் கதாநாயகி ஓடும் ரயிலில் குதித்தால், அது டூப் என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே டூப் போடாமல் நிஜமாகக் குதித்தவர் அமெரிக்க நடிகை ஹெலன் கிப்சன். வாருங்கள், அவரைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

ஹெலன் என்பது அவர் பெயரே இல்லை! அப்பா அம்மா வைத்த பெயர் ரோஸ் வெங்கர். 27.8.1892-ல் ஓஹியோ மாநிலம் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். 1909-ல் ஒரு குதிரை சாகசக் காட்சியைப் பார்த்தார். நாமும் இப்படிச் செய்யணும் என்று ஆசை வந்துவிட்டது. அடுத்த வருஷமே அதில் சேர்ந்தார். பாயும் குதிரையில் இருந்தபடியே குனிந்து, தரையில் கிடக்கும் கைக்குட்டையை எடுக்கப் பழகினார். குதிரை தலையில் உதைத்துவிடும் என்று அனுபவசாலிகள் பயமுறுத்தினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பிறகு கலிஃபோர்னியாவில் சினிமாவில் குதிரை ஓட்டினார். சம்பளம் வாரம் 8 டாலர்தான். 1913-ல் குதிரை வீரர் ஹூட் கிப்சனைத் திருமணம் செய்துகொண்டார்.

அப்போது ஊமைப்படக் காலம். கேலம் என்ற கம்பெனி 1914 முதல் 'ஹெலனின் ஆபத்துகள்' என்று ஒரு தொடர்படம் எடுத்து வந்தது. ரயில், குதிரை, திருடர்கள் என்று ஒரே பரபரப்பு! கதாநாயகி ஹெலன் ஹோம்ஸ். ரோஸ் அவருக்கு டூப்பாக வந்தவர்தான். 1915-ல் ஹோம்ஸ் கம்பெனியை விட்டுப் போய்விட்டார். தொடரை நிறுத்த மனமில்லாத கம்பெனி ரோஸைக் கதாநாயகி ஆக்கியது. படத்தின் பெயரில் ஹெலன் இருக்கிறதே! அதனால் ரோஸின் பெயரையே ஹெலன் என்று மாற்றிவிட்டது.

ஒரு பகுதியில் ஸ்டேஷன் கூரையிலிருந்து ஓடும் ரயிலின் மேல் குதிக்க வேண்டும். முதலில் தூரத்தை அளந்து, நிற்கும் ரயிலில் குதித்துப் பழகினார். படம் எடுத்தபோது சரியாகத்தான் குதித்தார். ஆனால் ரயில் ஓடிய வேகத்தில் பெட்டியின் ஓரத்துக்கு உருண்டுவிட்டார்! கூரையில் இருந்த காற்றுக் குழாயைப் பிடித்துத் தொங்கித் தப்பினார். சிராய்ப்போடு போயிற்று.

தொடர் 1917-ல் 119 பகுதிகளோடு முடிந்தது. அவற்றில் பெரும்பாலானவை இன்று கிடைக்கவில்லை. ஹோம்ஸ், கிப்சன் இருவருமே ஹெலன் என்பதால், எந்தச் சாகசம் யார் செய்தது என்று குழப்பம். போதாததற்கு, ஹூட் கிப்சன் இவரைப் பிரிந்தபின் மணந்த பெண்ணின் பெயரும் ஹெலன்தான்! அவரும் ஹெலன் கிப்சன் ஆகிவிட்டார்.

பின்னாளில் நம் ஹெலன் சொந்தமாகப் படம் எடுத்து நஷ்டப்பட்டார். சோர்ந்து உட்காரவில்லை. மற்ற நடிகைகளுக்கு டூப் போட்டும், கூட்டத்தில் ஒருவராக நின்றும் உழைத்தார். கிட்டத்தட்ட 70 வயது வரை நடித்தார். 10.10.1977-ல் 85 வயதில் காலமானார்.

அமெரிக்க சினிமாவின் முதல் பெண் ஸ்டண்ட் கலைஞர் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். பெயரைக் கம்பெனி கொடுத்தது. ஆனால் குதித்தது ரோஸ் வெங்கர்! அந்தப் பெயரையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

– 9ஆம் வகுப்பு மாணவி