குளத்துப் பாசியின் மூச்சை எண்ணியவர்



கன்னிவாடி மலையடிவாரத்தில் மழை பெய்து குளம் நிறைந்திருக்கும் நாள்களில், வெயில் ஏறியபின் கரையோரமாகச் சற்று நின்று பாருங்கள். நீருக்குள் கிடக்கும் பாசிகளிலிருந்து சின்னஞ்சிறு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வரும். பள்ளியில் நாம் படித்த ஹைட்ரில்லாவும் அவ்வகைச் செடிதான். அதன்மேல் புனலைக் கவிழ்த்து, சோதனைக்குழாயில் சேரும் வாயுவில் கனன்றுகொண்டிருக்கும் குச்சியைக் காட்டினால் குச்சி குப்பென்று பற்றிக்கொள்ளும். அந்த வாயுதான் நாம் சுவாசிக்கும் பிராணவாயு. அந்தக் குமிழ்களை அறுபது வயதைக் கடந்த பின்பு பொறுமையோடு எண்ணிப் பதிவு செய்தவர் அறிஞர் ஜகதீச சந்திர போஸ்.

இவர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். அரசு அதிகாரியாக இருந்த இவருடைய தந்தை, மகனை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்காமல் முதலில் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே மீனவர் வீட்டுப் பிள்ளை பக்கத்தில் அமர்ந்து சொன்ன நீர்வாழ் உயிர்களின் கதைகள் சிறுவன் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தன.

பின்னர் கொல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் பயின்றார். பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த இயேசு சபைக் குரு லாஃபோன் அங்கே இயற்பியல் கற்பித்துவந்தார். எதையும் சோதனை செய்து கண்முன்னே காட்டிப் புரியவைக்கும் அந்த ஆசிரியரிடம் போஸ் அறிவியலின் சுவையை அறிந்தார். பிறகு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பினார்.

1885இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே ஒரே வேலைக்கு இந்தியருக்கு ஒரு சம்பளம், ஐரோப்பியருக்கு வேறொரு சம்பளம் என்பது வழக்கமாக இருந்தது. போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. குடும்பத்திற்குக் கடன் இருந்தும், குறைந்த சம்பளத்தைத் தொடாமலேயே மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தினார். முடிவில் நிர்வாகம் இறங்கிவந்து முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது.

கம்பியில்லா அலைகளை ஆராய்ந்து புகழ்பெற்ற அவர், பின்னர் செடிகளின் பக்கம் திரும்பினார். செடிகளும் தூண்டுதலுக்கு விலங்குகளைப் போலவே மறுமொழி தருகின்றன என்று 1901இல் இலண்டனில் செய்து காட்டினார். அங்கிருந்த உடலியல் அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. அவரது கட்டுரையும் அச்சேறாமல் நின்றது. அவர் மனம் தளராமல் மேலும் நுட்பமான கருவிகளைச் செய்தார். செடியே தன் கதையை எழுதட்டும் என்பதே அவரது வழி. 1917இல் தம் பிறந்த நாளன்று கொல்கத்தாவில் ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1920இல் அதே இலண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

ஒளிச்சேர்க்கை பற்றிய அவரது நூல் 1924இல் வெளிவந்தது. ஹைட்ரில்லாவை நீர் நிறைந்த கண்ணாடிக் கலத்தில் வைத்தார். வெளிவரும் ஒவ்வொரு குமிழும் பாதரசத் துளியைத் தள்ளிச் செல்லும்போது, மின்சாரத்தால் அது தானே பதிவாகும்படி செய்தார். ஒளி கூடினால் குமிழ்கள் விரைந்தன, குறைந்தால் தயங்கின. கோடையில் மட்டும் அந்தச் செடி மாலிக் அமிலத்தைக் கொண்டு வேறொரு வழியில் வேலை செய்வதையும் கண்டார். நீரில் கரியமிலவாயு குறையும் காலத்தில் ஹைட்ரில்லா தன் முறையை மாற்றிக்கொள்கிறது என்பதைப் பல பத்தாண்டுகள் கழித்து வந்த ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். நம் காடுகளில் விளையும் சோளமும் மக்காச்சோளமும் இதையொத்த வழியில்தான் கரியமிலவாயுவைச் சேர்க்கின்றன. அவருடைய எல்லா முடிவுகளும் இப்படி நிலைத்துவிடவில்லை. ஆனால் குளத்துப் பாசியிடம் அவர் கண்டது நிலைத்தது.

செடி பகலில் கரியமிலவாயுவை வாங்கிப் பிராணவாயுவைத் தருகிறது. அதேவேளையில், நம்மைப்போல இரவும் பகலும் அதுவும் சுவாசிக்கிறது. அதனால்தான் பாசி மண்டிய குளத்தில் விடியற்காலையில் பிராணவாயு குறைந்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. வெயில் வந்ததும் அவை மீண்டும் ஆழத்திற்குப் போய்விடுகின்றன. நீருக்குள் பாசியும் மீனும், கரையில் மரமும் நாமும், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்கித்தான் வாழ்கிறோம்.

போஸ் 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இறந்தார். உரிய மதிப்பு கிடைக்காத இடத்திலும் அவர் தம் வேலையைக் குறைவின்றிச் செய்தார். யாரும் பொருட்படுத்தாத பாசிக்கும் உரிய மதிப்பைக் கொடுத்தார். நாமோ அதே குளத்தில் குப்பையைக் கொட்டுகிறோம். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தக் குமிழ்களைக் காட்டி, நாம் விடும் மூச்சு எங்கிருந்து வருகிறது என்று சொல்லிக்கொடுங்கள்.