பனியை வென்ற நான்சென்

பூகோளப் புத்தகத்தில் நான்செனை நாம் அறிவோம். 1861-இல் நார்வேயில் பிறந்தவர். 1888-இல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் கடந்தார். பின்னர் வடதுருவப் பயணத்தில், ஒரு குளிர்காலம் முழுவதும் கல்குடிசையில் கரடி இறைச்சி தின்று உயிர் பிழைத்தார்! ஆனால் நாங்கள் அவரைப் போற்றுவது வேறொரு குளிர்காலத்திற்காக.

1922 செப்டம்பரில் ஸ்மிர்னா நகரம் தீக்கிரையாயிற்று. லட்சக்கணக்கான கிரேக்கர்கள் உடுத்திய துணியோடு கப்பலேறி கிரீசுக்கு ஓடினர். அக்டோபர் 11-இல் முதானியாவில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. லோசானில் சமாதானப் பேச்சோ இழுபறி. எந்நேரமும் மறுபடி போர் மூளலாம். சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையரான நான்சென் அந்த இடைவெளியிலேயே உணவும் தடுப்பூசி மருந்தும் கிடைக்கச் செய்தார். சோறு போட்டால் மட்டும் போதாது, உழைக்க வழியும் வேண்டுமென்று மேற்குத் திரேஸில் கிராமங்களும் அமைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் கிடைத்த நோபல் பரிசுப் பணமும் நிவாரணத்திற்கே போயிற்று.

ஒன்று மட்டும் எங்கள் மனத்திற்கு ஒப்பவில்லை. அவர் ஆதரித்த மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம் 1923 ஜனவரி 30-இல் கையெழுத்தானது. அதனால் கிரீசிலிருந்த 3½ லட்சம் முஸ்லிம்களும் பிறந்த மண்ணை விட்டுக் கிளம்ப நேர்ந்தது. அவர்களை யாரும் விருப்பம் கேட்கவில்லை. மீண்டும் கொலை நடக்காதிருக்க வேறு வழியில்லை என்று அவர் எண்ணினார் போலும்.

நாடற்றவர்களுக்காக அவர் ஏற்படுத்திய நான்சென் பாஸ்போர்ட்டை ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் ஏற்றன. 1930 மே 13-இல், ஆஸ்லோ அருகே தம் இல்லத்தில் அவர் காலமானார்.