இறப்புகளை எண்ணிய மருத்துவர் வில்லியம் ஃபார்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பேருந்தில் வருவோர் கண்டிருப்பர். வழியில் சில இடங்களில் வேப்பமரமும் வெளிறி நிற்கும். கருங்கல் உடைக்கும் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் கிளப்பும் தூசி அது. அதனைப் பல்லாண்டு சுவாசித்த தொழிலாளி இருமி இருமி இறந்தால், காரணம் காசநோய் என்றோ முதுமை என்றோ பதிவாவதே பெரும்பான்மை. தொழில் என்ற இடத்தில் கூலி என்று மட்டும் இருக்கும். அந்த ஓரிடத்தின் அருமையை உலகறியச் செய்தவர் வில்லியம் ஃபார்.

இவர் 1807 நவம்பர் 30-ஆம் நாள் இங்கிலாந்தின் சிராப்சயர் பகுதியில், கென்லி என்னும் சிற்றூரில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். செல்வர் ஒருவர் ஆதரித்து வளர்த்துப் படிக்க வைத்தார். பாரிசிலும் இலண்டனிலும் மருத்துவம் பயின்றார். மருத்துவத் தொழிலில் பெரிதாக வருவாய் இல்லை. 1837-இல் இளம் மனைவியைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் பிறப்பு இறப்புகளை அரசே பதிவு செய்யும் முறை தொடங்கியது. 1839-இல் அப்பதிவு அலுவலகத்தில் பணியேற்ற ஃபார், ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அங்கேயே உழைத்தார்.

மலைபோல் குவிந்த இறப்புப் பதிவுகளை வெறும் காகிதமாக அவர் கருதவில்லை. நோய்களுக்கு ஒழுங்கான பெயர்ப்பட்டியல் வகுத்தார். இன்று உலக நாடுகள் கையாளும் நோய்ப் பட்டியலுக்கு அதுவும் ஒரு முன்னோடி. ஒரு தொழிலில் நூறு பேர் இறந்தனர் என்பதால் மட்டும் அது கொடிய தொழிலாகிவிடாது. அத்தொழிலில் அந்த வயதில் உயிரோடிருப்பவர் எத்தனை பேர் என்பதும் தெரிய வேண்டும். இறந்தோரைப் பதிவேட்டிலிருந்தும், இருப்போரை மக்கள்தொகைக் கணக்கிலிருந்தும் எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்தார். பள்ளிப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்குத்தான். ஆயினும் அதனை அரசின் வழக்கமான பணியாக்க ஒரு ஃபார் தேவைப்பட்டார்!

கார்ன்வால் பகுதியின் சுரங்கத் தொழிலாளரை அவர் இவ்வாறே ஆராய்ந்தார். 1860 முதல் 1862 வரை, 45-க்கும் 55-க்கும் இடைப்பட்ட வயதினரில் ஆண்டுக்கு ஆயிரவருக்கு ஏறத்தாழ 20 சுரங்கத் தொழிலாளர் நுரையீரல் நோயால் மாண்டனர். அதே பகுதியில் சுரங்கத்துக்குள் இறங்காத ஆடவரில் இத்தொகை நான்கைச் சற்றே தாண்டியது. அடுத்த பத்து வயதில் 43-க்கு 5! இளைஞரிடையே வேறுபாடு மிகச் சிறிதே. நடுவயதில்தான் நுரையீரல் கணக்குத் தீர்த்தது. சுரங்கத்தின் கெட்ட காற்றே காரணமென அன்று பலரும் எண்ணினர். கல்தூசியே முதற்குற்றவாளி என்பதை 1904-இல் ஹால்டேன் முதலியோரின் அறிக்கை தெளிவாக்கியது.

ஃபாரும் தவறாதவர் அல்லர். காலரா கெட்ட காற்றால் பரவுகிறதென்று நெடுநாள் நம்பினார். 1866-இல் தாம் திரட்டிய எண்களே வேறு கூறவும், குடிநீரே காரணமென ஏற்றுக்கொண்டார். இப்பண்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நம் நாட்டில் கோலார் தங்கவயலில் பாறை குடைந்தவருள் மிகுதியானோர் தமிழர். 1940-களில் அவர்களை ஆராய்ந்தபோது, பலரது நுரையீரலில் சிலிக்காத் தூசி நோய் காணப்பட்டது. நம் பகுதியின் சுண்ணாம்புக்கல்லில் சிலிக்கா பொதுவாகக் குறைவு, கருங்கல்லில் மிகுதி. ஆதலால் கருங்கல் தூசிக்கே கூடுதலாக அஞ்ச வேண்டும். எக்ஸ்ரே படத்தில் இந்நோய் காசநோய் போலவே தோன்றி மருத்துவரை மயக்குவதுண்டு. இந்நோய் உள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றுவதும் உண்டு. ஃபாரின் கணக்கை இங்கே போட முயல்வோர்க்கு மேலுமோர் இடர்ப்பாடு. இன்று கல்லுடைப்பவர் நாளை கட்டட வேலைக்குப் போகிறார்; மறுநாள் முந்திரிக் காட்டில் நிற்கிறார். எந்த வருகைப் பதிவேட்டிலும் பெயரில்லாதவரை எந்தத் தொழிலின் கீழ் எண்ணுவது?

1880-இல் பதிவு அலுவலகத்தின் தலைமைப் பதவி காலியாயிற்று. நாற்பதாண்டு உழைத்த ஃபாருக்கு அது கிடைக்கவில்லை. மனம் நொந்து ஓய்வு பெற்றவர், 1883 ஏப்ரல் 14-ஆம் நாள் மறைந்தார்.