ரெயிலின் தந்தை ஜார்ஜ் ஸ்டீவன்சன்

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வந்திறங்கிக் கடை வைத்த காலத்தில், உள்ளூர்களுக்குச் சரக்கையும் ஆட்களையும் கொண்டு சேர்த்ததில் ரெயிலுக்குப் பெரும் பங்குண்டு. இத்தீபகற்பத்தின் முதல் ரெயில் பாதை 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1-ந் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை திறக்கப்பட்டது. அந்த ரெயிலுக்குத் தந்தை என்று உலகம் போற்றும் ஜார்ஜ் ஸ்டீவன்சன் பதினெட்டு வயது வரை தம் பெயரைக்கூட எழுதத் தெரியாதிருந்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவர் இளமையில் பட்ட பாட்டையும், அதிலிருந்து கரையேறிய விதத்தையும் நம் வணிகப் பெருமக்கள் அறிவது நலம் எனக் கருதி இங்கே எழுதுகிறோம்.

இங்கிலாந்தின் வடபகுதியில், நியூகாசில் நகருக்கு மேற்கே டைன் ஆற்றங்கரையில் வைலம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1781-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9-ந் தேதி ஜார்ஜ் பிறந்தார். ஒரே வீட்டில் நான்கு குடும்பங்கள் குடியிருந்தன. அதில் ஸ்டீவன்சன் குடும்பத்துக்குக் கிடைத்தது ஓர் அறை. மண் தரை, பூச்சில்லாத சுவர், மேலே மூடாத உத்தரம். தாய், தந்தை, பிள்ளைகள் அனைவரும் அந்த ஓர் அறையிலேதான் சமைத்து, உண்டு, உறங்கினார்கள்.

தந்தை ராபர்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் நீராவி இயந்திரத்தின் உலைக்குக் கரி போடுபவர். வாரக் கூலி 12 ஷில்லிங். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்பது அந்நாட்டுப் பழைய கணக்கு. அந்தக் கூலியில் எட்டு வயிறு நிறைய வேண்டும். பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு அதில் மிச்சம் ஏது? தாய் தந்தை இருவருமே எழுத்தறியாதவர்கள். ஆகவே பிள்ளைகளில் ஒருவரையும் பள்ளிக்கு அனுப்ப இயலவில்லை.

ஆயினும் அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. மாலை வேளையில் தந்தை உலையருகே அமர்ந்து கதை சொல்ல, ஊர்ப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். தம் ரொட்டியில் சிந்தும் துணுக்குகளை அவர் பறவைகளுக்கு வைப்பார். அவற்றைப் பார்த்து வளர்ந்த ஜார்ஜுக்குப் பறவைகள் மீதிருந்த பிரியம் முதுமை வரை மாறவில்லை. வீட்டு வாசலை ஒட்டி மரத் தண்டவாளம் ஓடியது. அதன்மேல் குதிரைகள் கரி வண்டிகளை இழுத்துச் செல்லும். தம்பி தங்கையர் அவ்வண்டிகளில் அகப்படாமல் பார்த்துக்கொள்வதும், தந்தைக்குச் சாப்பாடு கொண்டு போவதும் சிறுவன் ஜார்ஜின் வேலைகள். தண்டவாளம் என்பது அவனுக்குப் பிறந்தது முதல் கண்ணெதிரே கிடந்த பொருள்.

ஜார்ஜுக்கு எட்டு வயதாகும்போது தந்தைக்கு வேறு சுரங்கத்தில் வேலை. குடும்பம் ட்யூலி பர்ன் என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு விதவை அம்மையாரின் மாடுகளை மேய்க்கும் வேலை ஜார்ஜுக்குக் கிடைத்தது. கூலி நாளொன்றுக்கு 2 பென்ஸ். ஆறு நாள் மேய்த்தால் ஒரு ஷில்லிங். மாடுகள் மேயும் நேரத்தில் அவனும் அவன் தோழனும் களிமண்ணால் இயந்திரம் செய்து, உள்ளீடற்ற செடித் தண்டுகளைக் குழாயாகப் பொருத்தி விளையாடுவார்கள். பின்னர் கிழங்குக் கொல்லையில் களை கொத்தி 4 பென்ஸும், சுரங்க வாயிலில் கரியிலிருந்து கல் பொறுக்கி 6 பென்ஸும், இயந்திரம் சுற்றும் குதிரையை ஓட்டி 8 பென்ஸும் வாங்கினான். பதினான்காம் வயதில் தந்தைக்கு உதவியாளனாகி நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் பெற்றான். உருவத்தில் சிறியவனாயிருந்ததால், இவனுக்கா இவ்வளவு கூலி என்று கேட்டுவிடுவாரோ என அஞ்சி, சுரங்க முதலாளி சுற்றிப் பார்க்க வரும்போதெல்லாம் ஓடி ஒளிந்துகொள்வானாம்.

பதினேழாம் வயதில் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அதே இயந்திரத்தில் தந்தை அவருக்குக் கீழ் கரி போட்டார். ஓய்வு கிடைத்தால் ஜார்ஜ் இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்து, ஒவ்வோர் உறுப்பும் எதற்கென்று கண்டறிந்து, மீண்டும் பூட்டுவார். ஆனால் ஒரு குறை அவர் மனத்தை அரித்தது. உலையருகே யாராவது பத்திரிகையைப் படித்தால் அவர் கேட்க மட்டுமே முடிந்தது. ஜேம்ஸ் வாட்டின் புது இயந்திரங்களைப் பற்றிப் புத்தகங்களில் எழுதியிருக்கிறது என்று கேள்விப்பட்டார். புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் அவருக்கு அது வெறும் காகிதந்தானே!

வளர்ந்த வாலிபன் சிறுபிள்ளைகளைப் போல் அகரம் படிப்பதா என்று அவர் வெட்கப்படவில்லை. பகலெல்லாம் உழைத்துவிட்டு, வாரத்தில் மூன்று இரவு பக்கத்துக் கிராமத்து ஏழை ஆசிரியரிடம் சென்று எழுத்துக் கூட்டப் பழகினார். அதற்கு வாரச் சம்பளம் 3 பென்ஸ். பத்தொன்பதாம் வயதில் தம் பெயரைத் தாமே எழுதினார். பிறகு வாரம் 4 பென்ஸ் கொடுத்து வேறோர் ஆசிரியரிடம் கணக்குக் கற்றார். ஆசிரியர் கொடுத்த கணக்குகளை உலையின் வெளிச்சத்தில் சிலேட்டில் போட்டு, மறுநாள் மாலை திருத்தத்துக்குக் கொடுப்பார். மாடு மேய்த்தபோது அவர் வாங்கிய இரண்டு நாள் கூலிதான் இந்த ஒரு வாரக் கணக்குப் பாடத்தின் விலை!

1802-ஆம் ஆண்டில் அவருக்குத் திருமணம் ஆயிற்று. மறு ஆண்டு ராபர்ட் என்ற மகன் பிறந்தான். 1806-ஆம் ஆண்டில் மனைவி இறந்துவிட்டார். குழந்தையை விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்குப் பிழைக்கப் போய், சிறிது பணம் சேர்த்துத் திரும்பினார். வந்து பார்த்தால், சுரங்கத்தில் நேர்ந்த விபத்தில் தந்தை நீராவி அடித்துக் கண்ணிழந்து, கடனில் மூழ்கிக் கிடக்கிறார். ஜார்ஜ் முதலில் தந்தையின் கடனை அடைத்தார். அது பிரான்சுடன் போர் நடந்த காலமாதலால், படையில் சேரச் சீட்டு அவர் பெயருக்கும் விழுந்தது. தமக்குப் பதிலாள் வைக்க எஞ்சிய பணமும் போயிற்று. மனமுடைந்து அமெரிக்காவுக்கே போய்விடலாமா என்றும் எண்ணினார். ஆயினும் பெற்றோரையும் மகனையும் தாங்கும் பொறுப்பு இருந்தது. ஊரிலேயே தங்கி உழைத்தார்.

இந்த வறுமையிலும் ஒன்றை அவர் உறுதி செய்துகொண்டார். தாம் பட்ட குறை தம் மகனுக்கு வரக் கூடாது என்பதே அது. பகல் வேலை முடிந்த பின் இரவில் அக்கம்பக்கத்தாரின் கடிகாரங்களைப் பழுது பார்த்தார். காலணி தைத்தார். அந்தக் காசில் மகனை நியூகாசில் நகரப் பள்ளிக்கு அனுப்பினார். மகன் கழுதை மீதேறிப் பள்ளிக்குப் போய் வருவான். மாலையில் அவன் கற்று வந்ததைத் தந்தையும் அவனோடு உட்கார்ந்து கற்பார். இவ்விதம் ஒருவன் செலுத்திய சம்பளத்தில் இருவர் படித்தனர்.

1811-ஆம் ஆண்டில் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் பலர் முயன்றும் சீர்ப்படாத இயந்திரமொன்றை அவர் சில நாட்களில் ஓட வைத்தார். மறு ஆண்டே ஆண்டுக்கு 100 பவுன் ஊதியத்தில் அங்கே இயந்திரப் பொறுப்பாளரானார். 1814-ஆம் ஆண்டில் அவர் செய்த முதல் ரெயில் இயந்திரம் 30 டன் எடையை மணிக்கு 4 மைல் வேகத்தில் இழுத்தது. 1825-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதை திறக்கப்பட்டது. 1829-ஆம் ஆண்டில் ரெயின்ஹில் என்னுமிடத்தில் நடந்த போட்டியில் 500 பவுன் பரிசை வென்ற ராக்கெட் என்னும் இயந்திரத்தை உருவாக்கியதில் மகன் ராபர்ட்டுக்கே பெரும் பங்கு. இரவில் கடிகாரம் பழுது பார்த்த கூலி அன்று பலன் தந்தது!

ஆயினும் இளமையில் கல்லாத குறை ஜார்ஜை இறுதி வரை விடவில்லை என்பதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். லிவர்பூல் – மான்செஸ்டர் பாதைக்காக 1825-ஆம் ஆண்டில் அவர் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். கற்றறிந்த வழக்கறிஞர்கள் அவருடைய நாட்டுப்புறப் பேச்சை ஏளனம் செய்தார்கள். அவருக்காக எடுத்த நில அளவையில் பிழைகள் இருந்தன. அவற்றைக் குறித்துக் கேட்டபோது அவரால் பதில் கூற இயலவில்லை. மசோதா தோற்றது. மறு ஆண்டுதான் அனுமதி கிடைத்து, 1830-ஆம் ஆண்டில் அப்பாதை திறக்கப்பட்டது. கடிதங்களைக்கூடத் தாமே எழுதாமல் சொல்லி எழுதுவிப்பதே அவர் வழக்கம்.

செல்வமும் புகழும் வந்த பின் அவர் தம் பிறப்பை மறைக்கவில்லை. தொழிலாளர் கல்விச் சங்கங்களின் கூட்டங்களுக்குச் சென்று, தாம் கூலி வேலை செய்த நாட்களையும், இரவுப் பாடத்தையும், மகன் படிப்புக்காகக் கடிகாரம் பழுது பார்த்ததையும் இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்வார். 1848-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி, 67-ஆம் வயதில் காலமானார்.

இந்த வரலாற்றை நாம் எழுதியது ரெயிலின் பெருமைக்காக மட்டுமன்று. நம் கடைகளை நிறுவிய பெரியோர்களிலும் பலர், பள்ளியை விட்டு இளம் வயதிலேயே கல்லாப் பெட்டியருகே வந்து நின்றவர்கள்தாம். உழைப்பில் அவர்கள் எவருக்கும் இளைத்தவர்களல்லர். ஆனால் பத்திரத்தையும் அரசாங்கக் கடிதத்தையும் பிறர் படித்துச் சொல்லக் கேட்டுக் கையொப்பமிடும் துயரத்தை அவர்கள் அறிவார்கள். இன்றும் ஊரிலிருந்து வந்து நம் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். காலை முதல் இரவு வரை அவர்கள் நிற்கிறார்கள். மலாயோ, ஆங்கிலமோ, கணக்கோ கற்க அவர்களுக்கு ஆசையிருந்தாலும் நேரமில்லை.

முதலாளிமார்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. வாரத்தில் மூன்று இரவு, ஒரு மணி நேரம் முன்னதாக அவர்களை விடுங்கள். பாடத்துக்குரிய சம்பளத்தையும் இயன்றால் நீங்களே செலுத்துங்கள். பத்ருப் போரின் கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை, சிறுவர்களுக்குக் கற்பிப்பதையே மீட்புத் தொகையாகக் கொண்டு விடுவித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். நமக்கு இதைப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை.

வல்ல அல்லாஹ் நம் உழைப்பிலும் நம்மிடம் உழைப்போரின் கல்வியிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.