மோலி காப்பாற்றிய கன்றுகள்

மேரி ஆன் குட்நைட் 1839-இல் அமெரிக்காவில் பிறந்தார். எல்லாரும் அவரை மோலி என்று கூப்பிட்டார்கள். முதலில் அவர் ஒரு டீச்சர். கல்யாணத்துக்குப் பிறகு டெக்சஸில், பாலோ டூரோ என்ற பள்ளத்தாக்கில், கணவரோடு மாட்டுப் பண்ணையில் வாழ்ந்தார்.

அந்தப் பக்கம் பைசன் என்ற பெரிய காட்டு மாடுகள் இருந்தன. அவை புல்லைத் தேடிக் கூட்டம் கூட்டமாக நடந்து போகும். வேட்டைக்காரர்கள் தோலுக்காக அவற்றைச் சுட்டார்கள். தாய் செத்துப்போனால் கன்று என்ன செய்யும்? பால் இல்லாமல் அதுவும் செத்துப்போகும்.

மோலிக்கு மனசு கேட்கவில்லை. 1878-இல் கணவரிடம் சொல்லி, சில கன்றுகளைப் பிடித்து வரச் சொன்னார். பண்ணைப் பசுக்கள் அவற்றுக்குப் பால் கொடுத்தன. கன்றுகள் வளர்ந்தன. கூட்டம் பெருகியது.

அப்போது யெல்லோஸ்டோன் காட்டில் ரொம்பக் கொஞ்சம் பைசன்கள்தான் மிச்சம். 1902-இல் குட்நைட் பண்ணையிலிருந்து மூன்று காளைகள் அங்கே போயின.

மோலி 1926-இல் இறந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அந்தக் கன்றுகளின் வம்சம் இன்னைக்கும் டெக்சஸில், கேப்ராக் கேன்யன்ஸ் பூங்காவில் மேய்கிறது. அங்கே போனால் நீங்களும் பார்க்கலாம். கிட்டே மட்டும் போகாதீங்க!