முதற்புத்தகம் தந்த கவிஞர்

யாப்பிலக்கண வகுப்பில் இயைபுத் தொடையை விளக்கும்போது, இலக்கண நூல்கள் காட்டும் சான்றுகளை மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். அவர்தம் முகம் மலர்வதில்லை. எட்டு லட்டுகளை அண்ணனும் தங்கையும் பாதி பாதியாகப் பகிர்ந்துண்டு தட்டைக் காலியாக்கும் குழந்தைப் பாட்டினை நினைவூட்டியதும் வகுப்பே ஒரே குரலாகப் பாடிவிடுகிறது. அடிதோறும் இறுதியில் ஒரே ஓசை வந்து நிற்கும் அப்பாட்டின் வழியாக, இயைபு என்னும் பெயரை அறியுமுன்பே அதன் இன்பத்தை அவர்கள் செவிக்கு ஊட்டியவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா.

புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள இராயவரத்தில் 1922 நவம்பர் 7ஆம் நாள் பிறந்தவர் அவர். தந்தையார் அழகப்ப செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி. பள்ளிப் பருவத்திலேயே பாட்டுக் கட்டும் ஆற்றல் அவரிடம் அரும்பியிருந்தது. உயர்நிலைப் பள்ளிக் கல்வியோடு சென்னைக்கு வந்த இளைஞர், 1940இல் வை. கோவிந்தனின் சக்தி காரியாலயத்தில் பணியில் அமர்ந்தார். ‘சக்தி’ இதழின் ஆசிரியராக இருந்த தி.ஜ.ர. அவருடைய திறமையைக் கண்டுணர்ந்து எழுதத் தூண்டினார். அடுத்த ஆண்டு இந்தியன் வங்கியில் சேர்ந்த அவர், பணி ஓய்வு பெறும்வரை வங்கி ஊழியராகவே விளங்கினார். பகலெல்லாம் கணக்கேடுகளோடு உழன்றவர், எஞ்சிய பொழுதைக் குழந்தைகளுக்கே உரிமையாக்கினார்.

1944இல் 23 பாடல்களோடு ‘மலரும் உள்ளம்’ வெளிவந்தது. முயலும் யானையும் பொம்மையும் பழமும் குழந்தையின் கண்ணளவிலேயே நின்று பேசும் உலகம் அது. அறம் உரைக்கும் இடத்திலும் ஆசிரியரின் பிரம்பு அங்கே தென்படுவதில்லை. ஈசாப் கதைகளும் காந்தியடிகளின் வாழ்வும் அவர் கைபட்டுப் பாடல்களாயின. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ‘நம் நதிகள்’ இந்திய மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டது.

தாம் எழுதுவதோடு அவர் அமைதி கொள்ளவில்லை. சிறுவர்க்கு எழுதுவோர் பெருக வேண்டும் என்னும் வேட்கையால் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகத் துணைநின்றார். ‘பூஞ்சோலை’ முதலிய சிறுவர் இதழ்களை நடத்தினார். வங்கிப் பணி முடிந்தபின் ‘கோகுலம்’ இதழின் ஆசிரியராகி இளம் எழுத்தாளர் பலரை வளர்த்தார்.

அவருடைய இறுதிநாளை நினைக்குந்தோறும் தமிழாசிரியரான என் நெஞ்சம் உறுத்துகிறது. 1989 மார்ச் 16ஆம் நாள் மதுரைப் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில், குழந்தை இலக்கியம் பல்கலைக்கழகப் பாடமாக வேண்டும் என்று வாதிட்டுப் பேசிய நிலையிலேயே அவர் மயங்கிச் சரிந்தார், உயிர் நீத்தார். முதுகலை தொடங்கி முனைவர் பட்டம் வரையில் நான் கற்ற பாடத்திட்டங்களில் குழந்தை இலக்கியத்துக்கென ஒரு தாள் இருந்ததில்லை. அதை ஒரு குறையாகக்கூட அந்நாளில் நான் எண்ணியதில்லை. என்னைத் தமிழுக்கு அழைத்துவந்த முதற்புத்தகத்தையே ஆய்வுக்குரியதன்று என ஒதுக்கிவிட்டேன் என்பதை வகுப்பறையில்தான் உணர்ந்தேன்.

அணைக்கட்டில் கூடும் நம் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ளது. மரபு, புதுக்கவிதை என்று நாம் வாதிட்ட மாலைகள் பல. ஆயினும் நம்முள் எவரும் சங்கப் பாடலையோ புதுக்கவிதையையோ முதன்முதலில் கேட்டு வளர்ந்தவர் அல்லர். தோல் பதனிடும் கூடங்களுக்கும் மணற்காடாகிக் கிடக்கும் பாலாற்றுக்கும் இடையே வளரும் இப்பகுதிக் குழந்தைக்கு, நிறைந்தோடும் நதி முதலில் ஒரு புத்தகத்தில்தான் வாய்க்கக்கூடும். அந்தப் புத்தகம் அதன் கைக்கு எட்டுகிறதா என்று நாம் கேட்டிருக்கிறோமா?

முதுமையில் பெயர்களை மறந்தவர்களும் சிறுவயதுப் பாட்டை மறப்பதில்லை. பின்னாளில் நாம் கற்கும் கவிதையெல்லாம் அந்த ஓசையின் மேல்தான் வந்து அமர்கின்றது. அடித்தளம் இட்டவரை மறந்து மாடத்தின் அழகை மட்டும் ஆராய்வது அறிவுடைமை ஆகாது. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்துக் கவிஞர் ஒவ்வொருவரும் குழந்தைகளுக்கென ஒரு பாட்டேனும் எழுத வேண்டும். அதனை நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் முன் பாடிக் காட்ட வேண்டும். அவர்கள் மறுநாளும் அதனைப் பாடுவார்களாயின், வள்ளியப்பா பாதியில் விட்ட பேச்சை நாம் தொடர்ந்தவர்கள் ஆவோம்.