கந்தகோட்டத்துப் பிள்ளை மூட்டிய அடுப்பு

ஓம் சரவணபவ! 

தைப்பூசம் என்றாலே நமக்குப் பழனியும் காவடியும்தான் ஞாபகம் வரும். அதே நாளில் வடலூரில் ஏழு திரைகளை விலக்கி ஜோதி தரிசனம் காட்டுவார்கள். அந்த ஜோதி வழிபாட்டை ஏற்படுத்திய வள்ளலார், சின்ன வயசுல சென்னை கந்தகோட்டத்து முருகனே கதி என்று கிடந்தவர். நம்மில் பல பேருக்கு இது தெரியாது. அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1823 அக்டோபர் 5-ஆம் தேதி, சிதம்பரம் பக்கத்தில் மருதூர் என்ற கிராமத்தில் இராமையா பிள்ளை, சின்னம்மை தம்பதிக்கு ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். பெயர் இராமலிங்கம். பிறந்த சில மாதங்களிலேயே அப்பா காலமாகிவிட்டார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொன்னேரிப் பக்கம் போய், பிறகு சென்னைக்கு வந்தார். ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவில் குடியிருந்தார்கள். மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து வீட்டைக் காப்பாற்றினார்.

தம்பியை எப்படியாவது படிக்க வைக்கணும் என்பது அண்ணனின் ஆசை. தம்பிக்கோ கால் பள்ளிப் பக்கமே போகாது, நேராகக் கந்தகோட்டம் போய்விடும். அங்கே முருகன் முன்னால் நின்று பாடிக்கொண்டே இருப்பார். தெய்வமணிமாலை அந்தச் சன்னதியில் பிறந்ததுதான். தன் ஆசிரியரான காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடமே அண்ணன் அனுப்பிப் பார்த்தார். பையன் பாடுவதைப் பார்த்த அவர், இந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்று விலகிக்கொண்டாராம்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. இனிமே அவனுக்கு வீட்டில் சோறு போடக்கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணி பாப்பாத்தி அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. கணவருக்குத் தெரியாமல் பின்பக்கமாகக் கூப்பிட்டு, மறைத்து வைத்துச் சோறு போட்டார். அப்பாவின் திதி நாளில் வீட்டில் எல்லோரும் முன்னால் உட்கார்ந்து சாப்பிட, இந்தப் பிள்ளை மட்டும் பின்னால் சாப்பிடுவதைப் பார்த்து அண்ணி அழுதாராம். அந்தக் கண்ணீருக்காகத்தான் அவர் வீட்டிலேயே இருந்து படிக்கச் சம்மதித்தார்.

மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். அவர் புத்தகத்தோடு கண்ணாடியும் விளக்கும் கேட்டு வாங்கினார். கண்ணாடியைச் சுவரில் மாட்டி, விளக்கேற்றி, உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கண்ணாடியில் திருத்தணிகை முருகன் காட்சி கொடுத்தான். இது நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிற கதை.

ஆனால் எனக்கு அதைவிட அந்தப் பின்கட்டுச் சோறுதான் மனசுல நிற்குது. இன்னொரு கதையும் உண்டு. திருவொற்றியூருக்கு நடந்து போய் வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் இரவு நேரமாகிவிட்டது. கதவைத் தட்டி எழுப்ப மனசில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். வடிவுடையம்மனே அண்ணியின் உருவில் வந்து எழுப்பிச் சோறு கொடுத்தாள் என்பார்கள். பாருங்க, தெய்வம் வந்தபோதும் சோறு போட்ட அண்ணியின் முகத்தோடுதான் வந்தது.

பிற்பாடு அவர் சென்னையை விட்டுக் கிளம்பி, கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் பல வருஷம் தங்கினார். 1865-இல் சன்மார்க்க சங்கம் தொடங்கினார். 1866-இல் சென்னை மாகாணத்தில் பல இடங்களில் பஞ்சம். ஊர் ஊராகப் பசியோடு ஜனங்கள் அலைந்த காலம் அது. பக்கத்து ஊரான வடலூர் மக்களிடம் அவர் இடம் கேட்டார். அவர்கள் சுமார் 80 காணி நிலத்தை இலவசமாக எழுதிக்கொடுத்தார்கள். 1867 மே 23-ஆம் தேதி, தமிழுக்கு வைகாசி 11, சத்திய தருமச்சாலை தொடங்கியது. அப்போது அவருக்கு 43 வயது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்கிறார்கள். அணையா அடுப்பு என்றே அதற்குப் பெயர்.

அந்தச் சாலைக்கு ஒரே ஒரு விதிதான்: வந்தவருக்குப் பசிக்குதா? அவ்வளவுதான். சாதி, மதம், ஊர், அவர் நல்லவரா கெட்டவரா, எதுவும் கேட்கக்கூடாது. நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன். எங்க வேலையில் எதைத் திறந்தாலும் முதல்ல நீ யாருன்னு நிரூபிக்கணும். லாகின், பாஸ்வேர்டு, ஓடிபி. அந்தக் காலத்தில் பல அன்னச் சத்திரங்களிலும் யாருக்கு எந்தப் பந்தி என்று சாதி பார்த்தார்கள். வள்ளலார் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார். பசியைப் போக்குவதுதான் கடவுள் வழிபாட்டுக்கே வாசல் என்று ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் எழுதினார்.

ஒரு நாள் அரிசி தீர்ந்துபோய் அன்பர்கள் கலங்கினார்கள். நாளைக்கு வரும், கவலைப்படாதீங்க என்றாராம். மறுநாள் காலையில் திருத்துறையூரிலிருந்து மூன்று வண்டி அரிசி வந்து நின்றதாகச் சொல்வார்கள்.

கடைசிக் காலத்தில் சமயச் சடங்குகளை விட்டு ஒளி வழிபாட்டுக்கே போய்விட்டார். 1872 தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. 1874 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை இரவு, மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். பிறகு அரசு அதிகாரிகள் வந்து திறந்து பார்த்தபோது அறை காலியாக இருந்தது. அப்படியென்றால் அவர் முருகனை விட்டுட்டாரா என்று சிலர் கேட்பீங்க. கந்தகோட்டத்தில் பார்த்த முருகனை அவர் பசித்த ஒவ்வொரு வயிற்றிலும் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோணுது.

இப்போ என் காரணம். இன்ஜினியரிங் முடித்துச் சென்னைக்கு வந்து எட்டு மாசம் வேலையில்லாமல் இருந்தேன். வீட்டில் பணம் கேட்கக் கூச்சம். மத்தியானம் ஒரு கோயில் அன்னதான வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் டோக்கன் கொடுத்தவர், தினமும் வர்றியே, வேலைவெட்டி இல்லையா என்று கேட்டுவிட்டார். மறுநாள் நான் போகவில்லை. பசியைவிட அந்தக் கேள்விதான் வலித்தது.

வேலை கிடைத்தபிறகு நண்பர்களோடு சேர்ந்து மாசாமாசம் கிருத்திகைக்கு அன்னதானம் செய்கிறோம். போன மாசம் ஒரு பெரியவர் இரண்டாவது தடவை வரிசையில் வந்தார். கூட்டம் அதிகம், சாப்பாடு குறைவு. ஐயா, நீங்க ஏற்கெனவே வாங்கிட்டீங்களே என்று என் வாயே சொல்லிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவர் தனக்காக வந்தாரா, வீட்டில் யாருக்காவது கேட்டு வந்தாரா, எனக்குத் தெரியாது. நானும் அந்த டோக்கன்காரர் ஆகிவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த வாரமே வடலூர் போனேன். பந்தியில் உட்கார்ந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, சோறு வந்தது. சாப்பிடும்போது கண் கலங்கிவிட்டது.

இந்தக் கிருத்திகைக்கு இரண்டு படி அரிசி கூடப் போடச் சொல்லியிருக்கேன். பரிமாறும்போது யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று முருகன் மேல் ஆணை வைத்திருக்கேன். அந்தப் பெரியவர் திரும்ப வரணும். நீங்களும் அன்னதானம் செய்கிறவர்களாக இருந்தால் இதை மட்டும் ஞாபகம் வையுங்க. உங்க குழுவில் இருக்கிறவங்களுக்கும் சொல்லுங்க.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்!